"உங்கள் கணக்கு இடைநிறுத்தப்படும்" என்றொரு கடிதம் வந்தால்

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்கள் கணக்கில் வழமைக்கு மாறான நடவடிக்கையொன்று அவதானிக்கப்பட்டுள்ளது. 24 மணித்தியாலங்களுக்குள் உங்கள் விபரங்களை உறுதிப்படுத்தத் தவறின் கணக்கு இடைநிறுத்தப்படும். உறுதிப்படுத்தக் கீழே அழுத்தவும்."

மேலே வங்கியின் சின்னம் இருக்கிறது. அதே நிறம், அதே எழுத்து. கீழே கொழும்புத் தலைமை அலுவலகத்தின் முகவரியும் சரியாக இருக்கிறது. நடுவில் நீல நிறத்தில் ஒரு பொத்தான். இந்தக் கடிதத்தை அனுப்பியது வங்கி அல்ல.

மின்னஞ்சலா, அது படித்த ஆட்களின் விஷயமல்லவா என்று சில சகோதரிகள் நினைக்கலாம். ஆனால் இன்று தொடுதிரைக் கைத்தொலைபேசி வைத்திருக்கும் அநேகமான பெண்களிடம், அவர்கள் அறிந்தோ அறியாமலோ, ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. புதுத் தொலைபேசியை வாங்கும்போது கடைக்காரத் தம்பி "கூகுள் கணக்கொன்று வேணும் அக்கா" என்று சொல்லி, உங்கள் பெயரில் ஜிமெயில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் தொலைபேசிப் பெட்டியின் மூடியில் எழுதித் தந்திருப்பார். அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? அந்தக் கடவுச்சொல் உங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரியும் என்பதை யோசித்தீர்களா? இதைப் பற்றிப் பின்னர் கதைப்போம்.

நம்பிக்கையான ஒரு நிறுவனத்தின் பெயரில் பொய்க் கடிதம் அனுப்பி, இரகசிய விபரங்களைக் கறக்கும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'பிஷிங்' என்று பெயர். மீன்பிடித்தல் என்ற சொல்லின் எழுத்தை மாற்றி உண்டாக்கிய சொல் அது. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் 'ஏஓஎல்' என்ற இணைய நிறுவனத்தின் ஊழியர்கள்போல் நடித்து, அதன் வாடிக்கையாளர்களிடம் சிலர் கடவுச்சொற்களைக் கேட்டு வாங்கிய காலத்தில் இச்சொல் புழக்கத்துக்கு வந்தது. மீன்பிடியென்றால் என்னவென்று முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கரையோரம் வாழும் நம் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது தனி மீனைக் குறிவைக்கும் தூண்டிலைவிட, கரைவலை போன்றது. ஒரே கடிதம் இலட்சக்கணக்கான முகவரிகளுக்குப் போகும். "எனக்கு இந்த வங்கியில் கணக்கு இருப்பது தெரிந்துதானே எழுதியிருக்கிறார்கள், அப்படியென்றால் உண்மையாகத்தான் இருக்கும்" என்று எண்ணிவிடக்கூடாது. அவர்களுக்கு உங்களைத் தெரியாது. வீசிய வலைக்குள் நீங்களும் இருந்தீர்கள், அவ்வளவுதான். உங்களுக்குக் கணக்கே இல்லாத வங்கியிலிருந்தும் இப்படிக் கடிதம் வருவது அதனால்தான்.

பெயரை அல்ல, முகவரியைப் பாருங்கள்

தபாலில் வரும் உறையின் பின்பக்கத்தில் அனுப்புபவர் யாருடைய பெயரையும் எழுதலாம். மின்னஞ்சலும் அப்படித்தான். மேலே தெரியும் பெயர் அனுப்புபவர் தானே தட்டெழுதியது. வங்கியின் பெயரையோ தொலைபேசி நிறுவனத்தின் பெயரையோ எவரும் அங்கே இடலாம். அந்தப் பெயரின்மேல் ஒருமுறை அழுத்தினால் உண்மையான முகவரி விரியும். வங்கியிலிருந்து என்று சொல்லும் கடிதத்தின் முகவரி சாதாரண ஜிமெயிலில் முடிகிறதா, வாயில் நுழையாத எழுத்துக்கூட்டமாக இருக்கிறதா என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

சிலர் இன்னும் நுட்பமாகச் செய்வார்கள். ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. 'எல்' எழுத்துக்குப் பதிலாக 1 என்ற இலக்கத்தை வைப்பார்கள். இன்னொரு தந்திரம், வங்கியின் பெயரை முகவரியின் முன்பக்கத்தில் வைப்பது. உதாரணமாக 'வங்கியின்பெயர்.எல்கே.கணக்குஉதவி.கொம்' என்று ஓர் இணைய முகவரி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். முன்னால் வங்கியின் பெயர் இருப்பதால் அது வங்கியுடையதென்று நினைப்போம். ஆனால் இணைய முகவரிக்குச் சொந்தக்காரர் யாரென்பது அதன் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே சொந்தக்காரர் 'கணக்குஉதவி.கொம்' என்ற யாரோ ஒருவர். கடிதவுறையில் முன்வரியில் என்ன எழுதியிருந்தாலும் கடைசி வரியில் உள்ள ஊருக்குத்தானே தபால் போகும்? அதுபோலத்தான் இதுவும். முதலாவது தனிச் சாய்வுக்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி வாசித்துப் பழகுங்கள். இலங்கை அரசாங்கத் திணைக்களங்களின் முகவரிகள் 'ஜிஓவி.எல்கே' என்று முடிவது வழக்கம்.

பூட்டுச் சின்னம் இருந்தால் பயமில்லை என்று முன்பு சொல்லித் தந்தார்கள். அது இப்போது போதாது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் செய்தியை வேறொருவர் வழியில் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் கள்ளனா நல்லவனா என்று பூட்டுக்குத் தெரியாது. கள்ளனின் வீட்டுக் கதவுக்கும் பூட்டு உண்டு.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாதென்றால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். கடிதத்தில் உள்ள பொத்தானை அழுத்தாதீர்கள். வங்கியின் கதை உண்மைதானா என்று அறிய, சேமிப்புப் புத்தகத்திலோ ஏ.ரி.எம். அட்டையின் பின்பக்கத்திலோ அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். கடிதத்துக்குள் தரப்பட்ட இலக்கத்துக்கு அழைத்தால் கடிதம் எழுதியவரே எடுத்துக் கதைப்பார்.

24 மணித்தியாலம்

இத்தகைய கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரு கெடு இருக்கும். இன்றிரவுக்குள், 24 மணித்தியாலத்துக்குள், உடனடியாக. யோசிக்கவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்கவும் நேரம் தரக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

நமது பெண்களிடத்தில் இந்தத் தந்திரம் ஏன் கூடுதலாக எடுபடுகிறது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அறிவித்தல் வந்ததும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் நாம். பதிவு என்றால் வரிசையில் நின்றோம். அடையாள அட்டை கேட்டால் நீட்டினோம். படிவம் தந்தால் நிரப்பினோம். அதைச் செய்யாமல் விட்டால் நிவாரண அட்டை இல்லை, வீட்டுத்திட்டத்தில் பெயர் இல்லை என்ற பயம் பல வருடங்கள் நம்முடன் இருந்தது. அரச முத்திரை போன்ற ஒன்றையும் ஒரு கெடுவையும் கண்டால், கேள்வி கேட்பதற்கு முன்னரே கை விபரத்தை எழுதத் தொடங்கிவிடுகிறது. இது அறியாமை அல்ல. உயிர் தப்பிப் பிழைப்பதற்காகப் பழகிய பழக்கம். மோசடிக்காரருக்கு அந்தக் காரணம் தேவையில்லை, அந்தப் பழக்கம் மட்டும் போதும்.

உண்மையான வங்கி, ஒரு நாள் தாமதித்ததற்காக உங்கள் பணத்தை விழுங்கிவிடாது. கணக்கில் ஏதும் சிக்கலென்றால் அடுத்த நாள் காலையில் கிளைக்குப் போனாலும் அது தீரும். ஆகவே அவசரப்படுத்தும் கடிதத்தைக் கண்டால் ஆறுதலாக இருங்கள். தேநீர் ஒன்றை ஊற்றிக் குடித்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.

பயத்தைப்போலவே நம்பிக்கையையும் தூண்டிலில் குத்தலாம். போருக்குப் பின்னர், காணாமல் போன பிள்ளையை இன்ன முகாமில் கண்டோம், இவ்வளவு தந்தால் விபரம் எடுத்துத் தருகிறோம் என்று சொன்ன ஆட்களிடம் தாலிக்கொடியை விற்றுக் காசு கொடுத்த தாய்மாரை நாம் அறிவோம். அன்று வாசலுக்கு வந்து சொன்ன அதே வார்த்தை இன்று மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் வரக்கூடும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவாக்கப்பட்ட காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் பெயரையோ, இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் பெயரையோ போட்டு, கோப்பைத் திறக்கக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது எழுதினால் கட்டாதீர்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் அந்த அலுவலகத்தின் பிராந்தியக் கிளைகள் திறக்கப்பட்டன. பிரதேச செயலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். நேரில் போய்க் கேட்பது அலைச்சல்தான். ஆனால் அங்கே கதைப்பவரின் முகத்தை நாம் பார்க்கலாம்.

2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே வருவதால், அதன் பெயரில் கணக்கு விபரம் கேட்டு வரும் செய்திகளிலும் இதே அவதானம் வேண்டும். சந்தேகமென்றால் கிராம அலுவலரிடம் காட்டுங்கள்.

ஆறு இலக்கம்

வங்கி அனுப்பும் 'ஓ.ரி.பி.' என்ற ஒருமுறை இலக்கத்தைப் பற்றிப் பலருக்கும் தெளிவில்லை. அட்டையின் இலக்கமும் பின்பக்கத்திலுள்ள மூன்று இலக்கங்களும் கிடைத்துவிட்டாலும், பல சந்தர்ப்பங்களில் கள்ளனால் உடனே காசு எடுக்க முடியாது. அவன் ஏதோவொரு கடையின் தளத்தில் உங்கள் அட்டை இலக்கத்தைப் போட்டவுடன், உண்மையான வங்கி உங்கள் கைத்தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்புகிறது. அதைப் பெறுவதற்காகத்தான் பொய்த்தளம் "இப்போது உங்களுக்கு வந்த இலக்கத்தை இங்கே பதியவும்" என்று கேட்கிறது. அல்லது "அம்மா, நாங்கள் வங்கியில இருந்து கதைக்கிறம், ஒரு இலக்கம் வந்திருக்கும், சொல்லுங்கோ" என்று அன்பாக ஒரு குரல் கேட்கிறது. பூட்டிய பெட்டிக்கு வெளியில் நிற்பவனுக்கு உள்ளிருந்து நாமே திறப்பை நீட்டுவது போன்றது அது.

அந்தக் குறுஞ்செய்தியை முழுதாக வாசியுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் பல வங்கிகளின் செய்தியில் தொகையும் எழுதியிருக்கும், தொகைக்கு மொழி தேவையில்லை. கணக்கை "உறுதிப்படுத்தும்" வேலைக்கு ஏன் அங்கே 85,000 ரூபா என்று இருக்கிறது? அந்தக் கேள்வி மனதில் எழுந்தால் நீங்கள் தப்பினீர்கள். வங்கியில் வேலை செய்யும் எவரும், முகாமையாளராக இருந்தாலும், அந்த இலக்கத்தையோ ஏ.ரி.எம். இரகசிய இலக்கத்தையோ உங்களிடம் கேட்கமாட்டார். வெளிநாட்டிலிருந்து வெஸ்ரேர்ண் யூனியன் மூலம் காசு வரும்போது தரப்படும் பத்து இலக்கங்களும் அப்படியே. காசை எடுக்கும் இடத்தில் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது.

தபாலும் பொதியும்

நம்பிக்கையான நிறுவனம் என்றால் வங்கி மட்டுமல்ல. கிராமத்தில் தபாற்கந்தோரைவிட நம்பிக்கையான இடம் எது? 2024இல், "உங்கள் பொதியை விநியோகிக்க முடியவில்லை, முகவரியைத் திருத்திச் சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் பொய்ச் செய்திகள் பரவியபோது திணைக்களமே மக்களை எச்சரித்தது. கேட்கும் தொகை மிகச் சிறியதாக இருக்கும். அந்தச் சிறு தொகையைக் கட்டுவதற்கு நாம் தரும் அட்டை விபரம்தான் அவர்களுக்குத் தேவை. கனடாவிலிருந்து அண்ணன் உடுப்புப் பொதி அனுப்புவதாகச் சொல்லியிருந்த கிழமையில் இந்தச் செய்தி வந்தால் எவருமே நம்புவார்கள். அண்ணனிடம் பொதியின் இலக்கத்தைக் கேட்டு, அதைத் தபாற்கந்தோரில் காட்டி விசாரியுங்கள்.

இன்னொரு வகை பேஸ்புக்கில் தொடங்கும். முகம் தெரியாத வெளிநாட்டு நண்பர் நகையும் டொலரும் பொதி செய்து அனுப்பியதாகச் சொல்வார். பிறகு கட்டுநாயக்கா விமான நிலையச் சுங்கத்திலிருந்து என்று மின்னஞ்சல் வரும், தீர்வை கட்டச் சொல்லி. கட்டினால் இன்னொரு கட்டணம், அதன்பின் தண்டம். இதைப் பற்றி இலங்கைச் சுங்கம் பலமுறை எச்சரித்திருக்கிறது. தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குத் தீர்வை கட்டும்படி எந்தச் சுங்க அதிகாரியும் சொல்வதில்லை.

ஓர் எழுத்துப் பிழை

பெரிய வங்கிகளே ஏமாறுகின்றன என்பதைச் சொன்னால் நம் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கி, நியூயோர்க்கில் வைத்திருந்த தன் கணக்கிலிருந்து 8 கோடி 10 இலட்சம் டொலரைக் களவு கொடுத்தது. அந்தப் பணம் பிலிப்பைன்சுக்குப் போனது. கள்ளர்கள் கேட்டிருந்த மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர். அமெரிக்கப் புலனாய்வாளர்கள் பின்னர் வெளியிட்ட விபரங்களின்படி, எல்லாம் தொடங்கியது வங்கி ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்களில். வேலை தேடும் ஒருவர் தன் சுயவிபரத்தை அனுப்புவதுபோல் எழுதியிருந்தார்கள்.

இந்தக் கதைக்குள் இலங்கையும் வருகிறது. களவாடிய பணத்தில் 2 கோடி டொலர், இங்கிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. நிறுவனம் என்று பொருள்படும் 'பவுண்டேசன்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கள்ளர்கள் 'பண்டேசன்' என்று பிழையாக எழுதிவிட்டார்கள். இடையிலிருந்த வங்கியொன்று இதென்னவென்று கேள்வி கேட்டது. பணம் நிறுத்தப்பட்டுத் திரும்பிப் போனது.

எழுத்துப் பிழையைத் தேடுங்கள் என்று இதுவரை எல்லோரும் சொல்லி வந்ததற்கு இதுபோன்ற காரணம் இருந்தது. பிழை இருந்தால் இன்றும் சந்தேகப்படுங்கள். ஆனால் பிழையில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு என்ற புதிய கணினி வசதிகள் வந்தபின், தமிழே தெரியாத ஒருவன்கூடச் சுத்தமான தமிழில் கடிதம் எழுதுவிக்கலாம். ஒருவரின் குரலைப்போலப் பேசவைக்கவும் முடிகிறது.

கணக்கே கைமாறினால்

இப்போது அந்தப் பெட்டி மூடிக்கு வருவோம். உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒருவனுக்குக் கிடைத்தால், அதன் மூலம் பேஸ்புக் முதலான மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் அவன் மாற்றலாம். மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் புதிய கடவுச்சொல்லுக்கான வழி மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது? அதன்பின் அவன் நீங்களாகிவிடுவான். "அண்ணா, பிள்ளைக்கு ஒப்பரேசன், அவசரமாக் காசு வேணும், இந்தக் கணக்குக்குப் போடுங்கோ" என்று உங்கள் பெயரில் சுவிசுக்கும் லண்டனுக்கும் செய்தி போகும். வட்ஸ்அப்பில் வரும் ஆறிலக்கக் குறியை யாருக்காவது சொல்லிவிட்டாலும் இதேதான் நடக்கும். அந்தக் குறியைக் கேட்பவர் உங்களுக்குத் தெரிந்த சிநேகிதியின் பெயரில் வருவார், ஏனென்றால் முதலில் அவருடைய கணக்குக் களவு போயிருக்கும்.

ஆகவே கடையில் எழுதித் தந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் 'இருபடி உறுதிப்படுத்தல்' என்ற வசதியையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவுகளுடன் ஒரு கேள்வியைப் பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. முன்பு வீட்டில் நின்ற பால்மாட்டின் பெயர் என்ன என்று கேட்டால், குடும்பத்தவர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கள்ளன் அழைப்பைத் துண்டிப்பான். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் இவற்றைச் சரியாகச் சொல்கிறான் என்பதற்காக நம்பவேண்டாம். நமது அட்டைப் பிரதி எத்தனை இடங்களில் கிடக்கிறது என்று நமக்கே கணக்கில்லை.

அழுத்திவிட்டீர்களா?

அப்படியென்றால் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். இது நிமிடக் கணக்கு. காசு இன்னொரு கணக்கில் இருக்கும்வரை வங்கியால் மறிக்க வாய்ப்புண்டு, கையில் எடுத்துவிட்டால் கடினம். அடுத்தது கடவுச்சொல். அதையும் உங்கள் தொலைபேசியில் மாற்றமுடியாமல் இருந்தால் வேறொருவரின் தொலைபேசியில் முயன்று பாருங்கள். வந்த கடிதத்தையும் செய்திகளையும் கோபத்தில் அழிக்காதீர்கள், திரையைப் படம்பிடித்து வையுங்கள். செய்தியில் வந்த ஏதாவது செயலியைத் தொலைபேசியில் ஏற்றியிருந்தால் இணையத்தை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருப்பதால் இது பொலிசில் முறையிடக்கூடிய குற்றமே.

வெட்கம்தான் பெரிய தடை. கணவனில்லாமல் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண் காசை இழந்துவிட்டால், அனுப்பிய சகோதரன் ஏசுவான், ஊர் சிரிக்கும், "பெண்டுகளுக்கு ஏன் இந்தப் போன்" என்பார்கள் என்று வாய்திறக்காமல் இருந்துவிடுகிறாள். சங்கத்தில் பக்கத்தில் இருப்பவளுக்கும் அடுத்த கிழமை அதே கடிதம் வருகிறது. அவளும் சொல்லமாட்டாள். இதைச் சங்கக் கூட்டத்தில் சீட்டுக் கணக்குக்கு முன்னர் பத்து நிமிடம் கதைத்தால் என்ன? வந்த கடிதத்தை எல்லோருக்கும் காட்டலாம், ஏமாந்தது யாரென்று சொல்லத் தேவையில்லை.

பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். சேமிப்புப் புத்தகம், அடையாள அட்டை, படம்பிடித்த செய்திகளின் அச்சுப் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முறைப்பாட்டைத் தமிழில் சொல்லவும் தமிழில் எழுதுவிக்கவும் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. எழுதியது சிங்களத்தில் இருந்தால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள், வங்கி அதைக் கேட்கும்.